க்ரோனோ டிரிகர்: முதல்முறை ஆடுபவர்கள் கெடுத்துக்கொள்வது எங்கே?

ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ யாராவது ஒரு அண்ணன், தம்பிமாரின் பழைய லேப்டாப்பில் க்ரோனோ டிரிகர் என்ற இந்தக் காலப்பயண வீடியோ விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். 1995இல் சுப்பர் நின்டென்டோ என்ற டிவி விளையாட்டுக் கருவிக்கு வந்தது. ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டை உருவாக்கிய சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட் விளையாட்டை உருவாக்கிய ஹோரீ, டிராகன் போல் காமிக்ஸ் வரைந்த தொரியாமா மூவரும் சேர்ந்து செய்தது. இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் பாதிப் பேர் இரண்டாம் நாளே "போர் மச்சான்" என்று மூடிவிடுகிறார்கள். இப்போதைய விளையாட்டுகளில் பழகிய கையோடு இதையும் ஆடினால் அப்படித்தான் ஆகும்.

எல்லாவற்றிலும் மோசமானது, யூடியூப்பில் கைட் (எல்லா வழியையும் சொல்லித்தரும் வீடியோ) ஒன்றை ஓடவிட்டுக்கொண்டு ஆரம்பிப்பது. கதை தொடங்குவது ராஜ்ஜியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவில். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போய்ச் சாமியை மட்டும் கும்பிட்டுவிட்டு, வளையல் கடைப் பக்கம்கூட எட்டிப் பார்க்காமல் யாராவது வீட்டுக்கு ஓடி வருவார்களா? இங்கேயும் சுற்றுங்கள். ஒரு மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பொதி இருக்கும். எடுத்துச் சாப்பிட்டால் உடல்பலம் ஏறும். சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். கொஞ்சம் கழித்து அதைப் பற்றிக் கேள்வி வரும். எங்கே வைத்து, யார் கேட்பார் என்று சொல்லிவிட்டால் நானும் அந்தக் கைட்காரனும் ஒன்றுதான்.

இதுதான் விஷயமே. நீங்கள் செய்ததை இந்த விளையாட்டு மறப்பதில்லை. கி.மு. 6 கோடியே 50 லட்சத்திலிருந்து கி.பி. 2300 வரை காலம் விட்டுக் காலம் போய்வருவீர்கள். கி.பி. 600இல் ஒரு வீட்டில் ஒரு அம்மா உலர்ந்த இறைச்சி கேட்பார். கடையில் 9,900 ஜி (விளையாட்டுக்குள் இருக்கும் காசு) கொடுத்து வாங்கியதை அவரிடம் 10,000க்கு விற்கலாம், சும்மாவும் கொடுக்கலாம். நூறு ஜி லாபம் பார்த்தவர்கள், 1000ஆம் ஆண்டில் அதே ஊர்த் தலைவரிடம் போய் நிற்கும்போது அந்த நூறின் அருமையைத் தெரிந்துகொள்வார்கள். சண்டையில் வெல்வதைவிட இப்படியான இடங்கள்தான் இத்தனை வருடம் ஆளைப் பிடித்து வைத்திருக்கின்றன.

பூட்டிய பெட்டிகளிலும் இதே கதை. கதையில் உங்களிடம் வந்து சேரும் கழுத்துமாலைக்குச் சக்தி வந்த பிறகு அவற்றைத் திறக்கலாம். கண்டதும் அள்ளுவதுதான் எல்லோருக்கும் வரும் அவசரம். சில பெட்டிகள் 600இலும் 1000இலும் ஒரே இடத்தில் இருக்கும். 600இல் போய்த் தொட்டதும் மாலை மின்னி, உள்ளே இருப்பதை எடுக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். 1000இல் திறந்தால் அதே பொருள் இன்னும் வலுவாகக் கிடைக்கும். பிறகு 600க்குத் திரும்பிப் பழையதையும் எடுத்துக்கொள்ளலாம். முதலிலேயே 600இல் எடுத்தவருக்கு 1000இல் வெறும் பெட்டிதான்.

லெவல் ஏற்றுவதற்காகக் காட்டுக்குள் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்க வேண்டாம், அதற்குத் தேவையே இல்லை. மூவர் அணியை மாற்றாமல் கடைசிவரை இழுப்பதுதான் உண்மையான நட்டம். வெளியே இருப்பவர்களுக்கு அனுபவப் புள்ளி கொஞ்சம் குறைவாகப் போய்ச் சேரும், வித்தைப் புள்ளி சேராது. வித்தை கற்காதவரோடு சேர்ந்து அடிக்கும் இரட்டை அடியும் வராது, மூவர் சேர்ந்த அடியும் வராது. தவளை வீரனைக் கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு திரியுங்கள், கதாநாயகன் க்ரோனோவும் அவனும் குறுக்கும் மறுக்குமாகப் பாய்ந்து வெட்டுவதைப் பார்க்கவாவது. புதியவர்கள் தொடக்கத்தில் 'வெயிட்' முறையைத் தேர்ந்தெடுத்தால், பட்டியலில் வித்தையைத் தேடும் நேரத்தில் எதிரி அடிக்கமாட்டான்.

எமுலேட்டரில் (பழைய கருவியின் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் மென்பொருளில்) ஆடுபவர்களுக்கு ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பட்டன் பெரிய சோதனை. இசையமைத்த மிட்சுடாவுக்கு வேலைப் பளுவில் வயிற்றுப் புண்ணே வந்து, மீதியை இன்னொரு இசையமைப்பாளரான உவெமட்சு முடித்துக் கொடுத்தார். அப்படி வந்த இசையைக் கீச்சுக் கீச்சென்று நாலு மடங்கு வேகத்தில் ஓட்டுவது எனக்குப் பாவமாகப் படுகிறது. வசனத்தையும் தட்டித் தட்டித் தாண்டாதீர்கள். அடுத்து எங்கே போவது என்பதை ஊர்க்காரர் ஒருவர் ஒரே ஒரு வரியில் சொல்லியிருப்பார்.

காற்றும் மழையும் அடிக்கும் ஜூன், ஜூலையில் நமக்கென்றே ஒரு தலைவலி உண்டு. சில எமுலேட்டர்கள், விளையாட்டுக்குள் நீங்கள் 'சேவ்' செய்ததை, எமுலேட்டரை மூடும்போதுதான் டிஸ்க்கில் எழுதும். பற்றரி செத்த லேப்டாப் என்றால், கரண்ட் போனதும் சேவும் போச்சு. அமைப்புகளில் தானாகச் சேவ் எழுதும் இடைவெளியைப் போட்டுவிடுங்கள். எமுலேட்டரே அந்தக் கணத்தை அப்படியே பதிந்து வைக்கும் சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்பவும் வேண்டாம், விளையாட்டுக்குள் இருக்கும் மூன்று சேவ் இடங்களையும் மாற்றி மாற்றிப் பாவியுங்கள். போனிலும் ஸ்டீமிலும் இப்போது காசு கொடுத்து வாங்கலாம், வசதி உள்ளவர்களுக்கு அது நிம்மதி.

முடித்ததும் அழித்துவிடாதீர்கள். 'நியூ கேம் பிளஸ்' என்ற பெயரே இதிலிருந்துதான் பரவியது. லெவலோடும் ஆயுதத்தோடும் மறுபடி தொடங்கி, கடைசி எதிரியான லாவோஸை எந்தக் கட்டத்தில் வீழ்த்துகிறீர்களோ அதற்கேற்ப முடிவு மாறும். பத்துக்கு மேல் முடிவுகள் இருக்கின்றன.

இன்னொன்று, பிளேஸ்டேஷன் மாதிரி பேட் வைத்திருப்பவர்களுக்கு. க்ரோனோவின் தோழி லூக்காவின் வீட்டுக் காட்சி ஒன்றில் சில பட்டன்களைக் குறித்த வரிசையில், சட்டென்று அழுத்தியாக வேண்டும். நின்டென்டோவின் 'ஏ' வலது ஓரத்தில் இருப்பது. உங்கள் பேட்டில் அந்த இடத்தில் வட்டம் இருக்கும். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க அவகாசம் கிடையாது. ஏ, பி, எக்ஸ், வை நான்கும் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே அழுத்திப் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பேட்டில் ஒட்டிவிடுங்கள்.