முகாமில் காலைக் கூட்டம்: அக்கா, அண்ணாமாரைப் பழக்குவது எப்படி?

ஆகஸ்ட் விடுமுறை, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறுவர் முகாம். உதவிக்கு வந்த அக்கா, அண்ணாமார் எல்லாரும் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்கள். பாட்டு, விளையாட்டு என்று வெளுத்து வாங்கினார்கள். காலைக் கூட்டத்தில் மட்டும் முழு நேரமும் அவர்களே பேசினார்கள். சிறுவர்கள் பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் முகாமுக்கு முன் உதவியாளர்களைப் பழக்க இரண்டு அரைநாள் ஒதுக்கினேன்.

1. வட்டம். ஒரு வட்டத்துக்கு எட்டுப் பத்துப் பேர். நடத்துபவரும் பாயில்தான் இருக்க வேண்டும். கதிரையில் ஏறினால் வகுப்பாகிவிடும்.

2. சிரட்டை. அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம். விருப்பமில்லை என்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். பலர் பந்து வைப்பார்கள். வேண்டாம், இரண்டாவது நிமிடமே கிரிக்கெட் தொடங்கிவிடும்.

3. கேள்வி. “நேற்று நல்லா இருந்ததா?” என்றால் “ஓம்” என்பதோடு கதை முடிந்தது. “நேற்று விளையாடினதில் எதைத் திரும்ப விளையாட விருப்பம்? ஏன்?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

4. பேசாமல் இருப்பது. நான் சறுக்கிய இடம் இதுதான். பதில் வராவிட்டால் உடனே நானே பதிலையும் சொல்லிவிடுவேன். எங்கள் மண்டபம் கடலோரத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ஒருநாள் கேள்வி கேட்ட கையோடு ரயில் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரயில் போனதும் பார்த்தால் மூன்று கைகள் மேலே! அதில் ஒன்று, அதுவரை வாயே திறக்காத ஒரு சின்னவனுடையது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். அதை 3 விநாடி ஆக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

கேள்வி கேட்டதும் மடியில் மூன்று விரல்களை மெதுவாக மடக்கச் சொல்லிப் பழக்கினேன். கேட்க எளிது. ஒரு தம்பிக்கு இரண்டாவது விரலுக்குமேல் பொறுக்கவே முடியவில்லை. அரைநாள் முழுக்க அதற்கே போனது.

5. ஒத்திகை. ஒருவர் நடத்த, மற்றவர்கள் சிறுவர்கள். ‘அழுபவன்’, ‘யாரையும் பேசவிடாதவள்’, ‘நிமிடத்துக்கொரு முறை தண்ணீர் கேட்பவன்’ என்று சீட்டு எழுதி எடுக்கவிடுங்கள். அசல் பிள்ளைகளே தேவலை என்கிற அளவுக்கு நடித்தார்கள்.

பின்சேர்க்கை: கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருந்தார்: வீட்டுப் பிரச்சினை ஒன்றைச் சொல்லிவிட்டு, “ஒருத்தருக்கும் சொல்லாதீங்க அக்கா” என்று பிள்ளை கெஞ்சினால்? நியாயமான கேள்வி, நான் யோசிக்கவே இல்லை. சத்தியம் பண்ணக் கூடாது. வட்டத்தில் வைத்துத் துருவவும் கூடாது. தனியாக, மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில் இருந்து கேளுங்கள். “உனக்கு உதவக்கூடியவருக்கு மட்டும் சொல்லுவேன்” என்று சொல்லுங்கள். அன்றைக்கே முகாம் பொறுப்பாளருக்குத் தெரிய வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

இப்போது ஒத்திகைச் சீட்டுகளில் இந்தப் பிள்ளைக்கும் ஒன்று இருக்கிறது.