புவி, சுற்றுச்சூழல் அறிவியலில் போஸ்ட்டாக்: விண்ணப்பத்தைக் கவிழ்க்கும் தவறுகள்

நிலத்தடி நீர், மண், கடற்கரை, பருவமழை என்று புவி சார்ந்த துறைகளில் முனைவர் பட்டம் முடிக்கும் நம் ஆய்வாளர்களின் களப்பணி யாருடையதற்கும் குறைந்ததில்லை. கத்திரி வெயிலில் கிணறு கிணறாகப் போய் நீர் மாதிரி எடுத்தவர்கள் இவர்கள். ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகள் செய்யும் ஆய்வுப் பணியான போஸ்ட்டாக்குக்கு விண்ணப்பம் என்று வரும்போது அந்த உழைப்பு தாளில் தெரியாமல் போய்விடுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஆய்வு செய்த இடத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார்கள் என்பதை எழுதுவதில்லை.

மீஞ்சூரையே எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே அந்தப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் 1960களிலேயே கடல்நீர் உள்ளே புகத் தொடங்கியது. அங்கே ஆய்வு செய்த ஒருவர், "மீஞ்சூர் நிலத்தடி நீரின் தரக் குறியீட்டை ஜி.ஐ.எஸ். (கணினி வரைபட முறை) கொண்டு மதிப்பிட்டேன், அடுத்து இதையே கடலூரில் செய்ய விரும்புகிறேன்" என்று எழுதினால், நெதர்லாந்தில் இருக்கும் பேராசிரியருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதே கிணறுகள், அதே தரவு. ஆனால் கேள்வி இப்படி இருக்கட்டும்: இறைப்பு குறைந்தால் உவர்நீர் எவ்வளவு வேகமாகப் பின்வாங்கும்? களிமண் அடுக்குகளில் தங்கிப்போன உப்பு அதை எத்தனை காலம் தள்ளிப்போடும்? இது வியட்நாமின் மீகாங் டெல்டாவுக்கும் வங்கதேசக் கரைக்கும் நெதர்லாந்துக்கும் சேர்த்தே உள்ள கேள்வி. இப்போது மீஞ்சூர் உங்களுக்குப் பலமாகிறது, ஏனென்றால் பல பத்தாண்டுகளாகக் கடல்நீர் ஊடுருவலைப் பார்த்த நிலம் அது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். முதல் பத்தியிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்கள். மிச்சமிருப்பதைப் படித்து வேறொரு நாட்டு ஆய்வாளர் "விடை என்ன?" என்று கேட்பாரா? கேட்க மாட்டார் என்று தோன்றினால் அந்தத் திட்டம் இன்னும் தயாராகவில்லை.

அடுத்த தவறு மெயில். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதும், "தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் எந்தத் தலைப்பிலும் பணிபுரியத் தயார்" என்று எழுதுவதும். எந்தத் தலைப்பிலும் தயார் என்பது பணிவாக நமக்குத் தெரியலாம். படிப்பவருக்கோ, இவருக்கென்று ஒரு யோசனை இல்லை என்றுதான் படும். அவருடைய அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படியுங்கள். அதில் எங்கே உங்கள் திறமை சேரும் என்பதை நான்கைந்து வரிகளில் சொல்லுங்கள். அப்புறம், பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பல பேராசிரியர்களிடம் ஆளை எடுக்கக் கையில் நிதி இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போஸ்ட்டாக் உதவித்தொகையான மேரி கியூரி பெல்லோஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "வரும் செப்டம்பரில் மேரி கியூரி பெல்லோஷிப்புக்கு உங்களை மேற்பார்வையாளராக வைத்து விண்ணப்பிக்க நினைக்கிறேன்" என்று மே மாதத்திலேயே கேட்பவருக்குப் பதில் சொல்வது அவருக்கு எளிது. ஆகஸ்ட் கடைசியில் கேட்டால் நல்ல மனம் உள்ளவரும் மறுக்கத்தான் வேண்டியிருக்கும்.

விதிகளைக் கடைசியில் படிப்பதால் போகும் விண்ணப்பங்கள் ஏராளம். மேரி கியூரியில், விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் போக விரும்பும் நாட்டில் வாழ்ந்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது. முனைவர் பட்டத்தையே ஜெர்மனியில் முடித்தவர் உடனே அதே நாட்டுக்கு விண்ணப்பித்து விலக்கப்படுவது இதனால்தான். ஜெர்மனியின் ஹம்போல்ட் பெல்லோஷிப்பின் போஸ்ட்டாக் பிரிவுக்கு முனைவர் பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். திட்டத்தில் 6 ஆண்டுகள். அங்கே விண்ணப்பத்தை அனுப்புவதே உங்களை ஏற்கும் ஜப்பானிய ஆய்வாளர்தான், நீங்கள் அல்ல. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் புவி அறிவியலுக்கென்றே தரும் போஸ்ட்டாக் பெல்லோஷிப் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். இது தெரியாமல் வாரக்கணக்கில் எழுதி உழைப்பை வீணாக்க வேண்டாம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் வழிகாட்டியைத்தான் பார்க்க வேண்டும். குழந்தைப்பேறு, நோய் போன்ற காரணங்களால் ஆய்வில் இடைவெளி விட்டவர்களுக்குப் பல திட்டங்களில் ஆண்டுக் கணக்கில் சலுகை உண்டு. குறிப்பாகப் பெண் ஆய்வாளர்கள் "எனக்குக் காலம் கடந்துவிட்டது" என்று தாங்களே முடிவு செய்துகொண்டு ஒதுங்க வேண்டாம்.

நம் துறைக்கே உரிய இன்னொரு சிக்கல், இயற்கையின் நாட்காட்டி. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டாண்டுத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது அதிகபட்சம் இரண்டு மழைக்காலம். அனுமதி தாமதமானால் ஒன்றுதான். "முதல் ஆண்டு: மாதிரி சேகரிப்பு" என்று பொதுவாக எழுதியதைப் பார்த்தாலே, இவர் இதை யோசிக்கவில்லை என்று மதிப்பீட்டாளருக்குத் தெரிந்துவிடும். முதல் மழை தவறினால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் கிணற்று அளவீடுகள், செயற்கைக்கோள் தரவு, 1940 முதல் மணிக்கு மணி வானிலை மதிப்புகள் தரும் ஈ.ஆர்.ஏ.5 தொகுப்பு என்று மாற்று வழிகள் இருக்கின்றன.

அனுமதியும் அப்படித்தான். மண்ணை ஒரு பையில் போட்டு அமெரிக்க லேபுக்கு எடுத்துப் போக முடியாது. பெறும் லேபுக்கு அந்நாட்டு வேளாண் துறையின் அனுமதி வேண்டும். நுண்ணுயிர் போன்ற உயிரி மாதிரிகளை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே நிற்கும். அதற்கு அனுமதி தரும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இதற்கு ஆகும் மாதங்களைத் திட்டத்தில் காட்டியவர்மேல் நம்பிக்கை தானாக வரும்.

பரிந்துரைக் கடிதத்தை இரண்டு நாள் முன்னால் கைடிடம் கேட்டால், "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்ற வழக்கமான வரிகள்தான் வரும். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். எந்தச் சிக்கலை நீங்களே தீர்த்தீர்கள், எந்தக் கருவியை இயங்க வைத்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். அவருக்கும் அது உதவி. தரவையும் நிரல்களையும் ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் போட்டு, அந்த இணைப்பைச் சி.வி.யில் சேருங்கள். காசு கொடுத்தால் போடும் பத்திரிகைகளில் வந்த பத்துக் கட்டுரைகளைவிட, பிறர் திறந்து பயன்படுத்தக்கூடிய ஒரு தரவுத் தொகுப்பு உங்களுக்காக அதிகம் பேசும்.

இந்தியாவில் போஸ்ட்டாக் என்பதைக் கடைசிப் புகலிடமாக நினைப்பதும் தவறுதான். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.டி.எம்.மில் 2024இல் வந்த அர்க்கா மீக்கணினியின் திறன் 11.77 பெட்டாபிளாப்ஸ், அதாவது வினாடிக்குச் சுமார் 11,770 லட்சம் கோடி கணக்கீடுகள். பருவமழையை மாடலிங் செய்ய அதைவிடப் பொருத்தமான இடங்கள் உலகில் குறைவு. துருவ ஆய்வுக்கு கோவாவின் என்.சி.பி.ஓ.ஆர்., பாறையின் வயதைக் கதிரியக்கத் தனிமங்களால் அளக்க டெல்லியின் ஐ.யு.ஏ.சி., நிலநடுக்கத்துக்கு ஹைதராபாத்தின் என்.ஜி.ஆர்.ஐ. இருக்கின்றன. மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எப். தரும் தேசிய போஸ்ட்டாக் பெல்லோஷிப்புக்குப் பொது வயது வரம்பு 35. பெண்களுக்கும் பட்டியல், பிற்பட்ட வகுப்பினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. வெளிநாட்டு முடிவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தே இந்த வயதைத் தாண்டிவிடுகிறவர்களைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பியுங்கள். திட்டத்தின் மையக் கேள்வி ஒன்றாகவே இருக்கலாம். ஆய்வகத்துக்கும் கருவிக்கும் ஏற்ப முறையை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.