பட்டன் வரவில்லையா? ஜாவா ஸ்விங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் மாலை நேரத்தில் ஜாவாவும், அதில் ஜன்னல், பட்டன் எல்லாம் போட உதவும் ஸ்விங்கும் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி வந்து, "பில் வரி வரமாட்டேங்கு சார், ரெண்டு நாளா பாக்கேன்" என்றாள். ஜன்னல் திறக்கிறது, உள்ளே வெறும் சாம்பல் நிறம். கன்சோலில் ஒரு பிழைகூட இல்லை. அவள் எழுதிய புரோகிராம் கோடைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இதே இடத்தில் ஒரு ராத்திரியைத் தொலைத்தவன் நான்.

பட்டனை ஜன்னலில் சேர்க்கும் ஆட் எழுத மறந்தது, ஜன்னலைக் காட்டும் செட்விசிபிள் விட்டுப்போனது போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவை இங்கே வேண்டாம்.

ஒரே பெயரில் இரண்டு பேனல்

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதினேன். ஷீட்டை எடை போட்டு 'சேர்' பட்டனை அழுத்தினால், ஆர்.எஸ்.எஸ். 4 (ஷீட்டின் தரம்), 38 கிலோ என்று ஒரு வரி திரையில் வர வேண்டும். வரவில்லை.

கிளாஸின் மேலே பில்பேனல் என்று ஒரு ஜேபேனலை (பட்டன், வரி எல்லாம் அடுக்கும் பலகை) அறிவித்து, அங்கேயே நியூ போட்டு உருவாக்கியிருந்தேன். கன்ஸ்ட்ரக்டருக்குள் வந்ததும் கைப்பழக்கத்தில் மறுபடியும் 'ஜேபேனல் பில்பேனல்' என்று எழுதிவிட்டேன். அது வேறொரு புது பேனல். ஜன்னலில் ஏறியது அதுதான். பட்டன் அழுத்தியதும் வரி போய்ச் சேர்ந்ததோ மேலே இருந்த, திரைக்கே வராத பேனலில். மேலே நியூ போடாமல் விட்டிருந்தால் நல்பாயின்டர் எக்செப்ஷன் வந்து வரி எண்ணையே காட்டியிருக்கும். போட்டதால்தான் சத்தமே இல்லை.

ராத்திரி முழுக்க, திரையை மறுபடி வரையவும் அடுக்கவும் சொல்லும் ரீபெயின்ட், ரீவேலிடேட் என்று போட்டுப் பார்த்தேன். லேஅவுட்டை மாற்றினேன், அளவை மாற்றினேன், சரியாக இருந்த கோடையும் கெடுத்தேன். கடைக்காரர் மேலும் இரண்டு நாள் நோட்டில்தான் கணக்கு எழுதினார். எதுவும் தெரியவில்லை என்றதும் ரீபெயின்டை அள்ளிப்போடும் பழக்கத்தைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஜன்னலுக்குள் இல்லாத பேனலை ரீபெயின்ட் எப்படி வரையும்?

முதலில் ஃபிரேமின், அதாவது ஜன்னலின், லிஸ்ட் மெத்தடைக் கூப்பிடுங்கள். ஜன்னலுக்குள் உண்மையில் என்னென்ன இருக்கிறது, எந்த இடத்தில், எந்த அளவில் என்று கன்சோலில் அச்சாகும். நீங்கள் சேர்த்தது அங்கே இல்லையென்றால் தவறான பேனலில் சேர்த்திருக்கிறீர்கள். இருந்து, அளவு 0 என்றால் அது லேஅவுட் பிரச்சினை. ஜாவா எழுதும் எக்லிப்ஸ் எடிட்டரில், உள்ளே அறிவித்த பெயர் கிளாஸின் மேலே அறிவித்த ஃபீல்டை மறைத்தால் எச்சரிக்கும் அமைப்பு உண்டு. அதை இன்றே போட்டுவையுங்கள்.

அந்த மாணவியின் கோடில் ஒரே ஒரு 'ஜேபேனல்' என்ற சொல்லை அழித்தோம். வரி வந்துவிட்டது.

கடைசியாகச் சேர்த்தது மட்டும் தெரிகிறது

ஜேஃபிரேமுக்கு இயல்பாக இருப்பது, நாலு திசை, நடு என்று இடம் பிரிக்கும் பார்டர்லேஅவுட். திசை சொல்லாமல் சேர்த்தால் எல்லாம் நடுவுக்கே போகும், நடுவில் ஒன்றுக்குத்தான் இடம். ஒரு பேனலில் அடுக்கி, அந்தப் பேனலைச் சேருங்கள்.

ஒரே பட்டன் இரண்டு பேனலில்

முடியாது. இரண்டாவதில் சேர்த்ததும் முதலாவதிலிருந்து போய்விடும்.

செட்லேஅவுட் நல்

லேஅவுட்டே இல்லாமல் செய்வது. வேண்டாம்.

டேபிளின் தலைப்பு வரவில்லை

ஜேடேபிளை நேரே பேனலில் போட்டால் பத்தித் தலைப்புகள் வராது. ஜேஸ்க்ரோல்பேனுக்குள் போடுங்கள். அதற்கும் ஆட் கூடாது, செட்வியூபோர்ட்வியூதான்.

பட்டனை அழுத்தியதும் திரை உறைகிறது

அழுத்தியதும் ஓடும் பட்டனின் லிசனருக்குள்ளேயே டேட்டாபேஸைப் படிக்கிறீர்கள். அது முடியும்வரை ஸ்விங்கால் எதையும் வரைய முடியாது. அந்த வேலையை, பின்னணியில் செய்துமுடிக்கும் ஸ்விங்வொர்க்கரிடம் கொடுங்கள்.