ஹீட் பம்ப் வயரிங்: ஏர்கோன் பழக்கத்த அப்படியே கொண்டு வராதீங்க

பினாங்குல சுடுதண்ணி ஹீட் பம்ப் (காத்துல இருக்குற சூட்ட எடுத்து தண்ணிய சுட வைக்குற மெஷின்) மாட்ட வர்ற பசங்க முக்காவாசி ஏர்கோன்ல கைப்பழகினவங்க. மெயின் ஆஃப் பண்ணு, எர்த்த டைட் பண்ணுன்னு அவங்களுக்குச் சொல்லவே வேணாம். தப்பு நடக்குறது கேபிள் போற வழியிலதான்.

சூடான பைப்போட கேபிள சேர்த்து சுத்துறது

இதப் பார்த்தா இன்னிக்கும் எனக்கு கடுப்பாகுது. ஏர்கோன்ல காப்பர் பைப்பையும் வயரையும் ஒண்ணா வச்சு வெள்ளை டேப் சுத்தி இறக்கிடுவோம், அது ஜில்லுனு இருக்குற பைப், ஒண்ணும் ஆகாது. கம்ப்ரசர் தனியா டேங்க் தனியா இருக்குற ஸ்ப்ளிட் ஹீட் பம்ப்ல கம்ப்ரசர்லருந்து டேங்க்குக்குப் போற கேஸ் பைப் கை வைக்க முடியாத சூடு, வெளிய வர்ற தண்ணியே 55, 60 டிகிரி. சாதாரண பிவிசி கேபிள் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், அதுவும் கரண்ட் ஓடி வர்ற சூட்டையும் சேர்த்து. கேபிள் டேபிள்ல போட்டிருக்குற ஆம்பியர் 30 டிகிரிக்கு, சுத்தி 60 டிகிரி இருந்தா அதுல பாதிதான் எடுக்கலாம்.

ஆயர் ஈத்தாம்ல ஒரு அக்கா வீட்டுல ஈஎல்சிபி (கரண்ட் லீக் ஆனா லைன கட் பண்ற சுவிட்ச்) டிரிப் ஆகிட்டே இருந்துச்சு, மாட்டுன தம்பி வந்து 10 மில்லிஆம்ப் லீக்குக்கே கட் ஆகுறத கழட்டிட்டு 100 வரைக்கும் விடுறத போட்டுட்டுப் போயிருக்கான், புள்ளைங்க குளிக்குற லைன்ல! டேப்ப பிரிச்சா, பைப் வளையுற எல்போல இன்சுலேஷன் விலகி கேபிள் தோல் இளகி காப்பர் பைப்புல ஒட்டிக் கெடக்கு, உள்ள கம்பி தெரியுது. சிலிங்க உடைச்சு மொத்த லைனையும் புதுசா இழுத்தோம், மாட்டுன கூலிய விட இதுக்கு ஆன வெள்ளி அதிகம்.

பவர் கேபிளுக்கு தனி காண்டூயிட் (கேபிள் போற குழாய்) போடுங்க, பைப்ப விட்டு ஒரு சாணாவது தள்ளி. தாண்டித்தான் ஆகணும்னா குறுக்கால தாண்டுங்க, அந்த இடத்துல பைப் இன்சுலேஷன் முழுசா மூடியிருக்கணும். டிரிப் ஆனா ஈஎல்சிபிய மாத்தாதீங்க, லீக்கேஜ் எங்கன்னு மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட் பண்ற மீட்டர்) வச்சுத் தேடுங்க.

மேலருந்து நேரா டெர்மினலுக்குள்ள இறக்குறது

நம்ம ஊர் மழை காத்தோட சாஞ்சு அடிக்கும், தண்ணி கேபிள் வழியாவே உள்ள இறங்கிடும். கேபிள ஓட்டைக்குக் கீழ ஒரு வளைவு விட்டு, கீழருந்து மேல ஏத்துங்க, ஓட்டையில கேபிள இறுக்கிப் பிடிக்குற கிளாண்ட் போட்டு இறுக்குங்க.

சிலிங்க்குள்ள ஜாயிண்ட்

கூடவே கூடாது.

வெளிச்சுவத்துல வெறும் கேபிள்

வெயில்ல தோல் வெடிச்சுடும்.

சென்சார் வயர பவரோட ஒரே காண்டூயிட்ல விடுறது

டேங்க் டெம்பரேச்சர் தப்பா காட்டும், நீங்க போர்டு போச்சுன்னு நெனச்சு போர்ட மாத்துவீங்க. தனியா இழுங்க. டிபியிலருந்து (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) புது லைன் எடுக்குறதா இருந்தா சுருஹான்ஜாயா தெனாகாவுல (அரசாங்க எரிசக்தி ஆணையம்) பதிவு பண்ண வயர்மேன கூப்பிட்டு, மூடுறதுக்கு முன்னாடியே காட்டுங்க.