டிவி கார் மாடல் சேர்ப்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

போன ஞாயிறு திருநகரில் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறான். மேற்கு ஜன்னலை ஒட்டிக் கண்ணாடி ஷோகேஸ். உள்ளே டிவி தொடர்களில் வந்த கார்களின் சின்ன மாடல்கள்: 'நைட் ரைடர்' தொடரின் பேசும் கார் கிட், மிஸ்டர் பீனின் பச்சை மினி, 1966 'பேட்மேன்' தொடரின் பேட்மொபைல். "எப்படிண்ணே இருக்கு?" என்றான். அழகாகத்தான் இருந்தன. ஆனால் பத்து வருடம் முன்பு என் வீட்டில் இருந்த ஷோகேஸையே பார்த்தது போல் வயிற்றைப் பிசைந்தது. தூசி துடைப்பது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

பெட்டி மேலிருக்கும் பெயரை நம்பி வாங்குவது

கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் கிட் ஆகாது. தொடரில் ஓடியது 1982 பான்டியாக் ட்ரான்ஸ் ஆம்; மூக்கில் சிவப்பு விளக்கு அலையும் பள்ளம் இருக்க வேண்டும். பீனுக்கு முதல் பகுதியில் ஆரஞ்சு மினி. பச்சை உடம்பும் கறுப்பு பானட்டுமாக 'எஸ்எல்டபிள்யூ 287ஆர்' நம்பர் பிளேட்டோடு வந்தது அப்புறம்தான். பேட்மொபைல், 1955 லிங்கன் ஃப்யூச்சரா என்ற கண்காட்சிக் காரை ஜார்ஜ் பாரிஸ் மாற்றிச் செய்தது. காசு கொடுக்கும் முன் தொடரின் காட்சியை நிறுத்தி வைத்து, மாடலின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அளவைக் கலப்பது

1:18 என்றால் நிஜக் காரின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. 1:18 கிட் ஒரு சாண் தாண்டும், 1:64 கிட் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு தட்டுக்கு ஒரு அளவு.

ஸ்டாண்டில் திருகியபடியே விட்டுவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1:43 கார்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஸ்டாண்டில் திருகி, மேலே கண்ணாடி போன்ற மூடியோடு வரும். அப்படியே வைப்பதுதான் பத்திரம் என்று நினைத்தேன். 4,500 ரூபாய் கொடுத்து வாங்கிய பேட்மொபைல் நான்கு கோடை அப்படியே நின்றது. ஒருநாள் துடைக்க எடுத்தேன். திருகைக் கழற்றியும் கார் வரவில்லை. நான்கு டயரும் ஸ்டாண்டுக்குள் உருகி இறங்கியிருந்தன. லேசாக இழுத்தேன். முன் அச்சு முறிந்து கையோடு வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஜியாமெட்ரி பாக்ஸில் ரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிப் பள்ளம் விழுந்திருக்குமே, அதே கதைதான். மாடல் கார் டயர் பலவும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை மெத்தென்று வைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாக நாளாக வெளியே கசியும். ஒட்டியிருக்கும் ஸ்டாண்ட் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். சூடு கூடினால் கசிவும் கூடும். கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும் ஊர். மேற்குச் சுவரில் மூடிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு பல்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

வாங்கிய அன்றே திருகைக் கழற்றுங்கள். காரின் அடித்தட்டுக்குக் கீழே இரண்டு சின்ன மரத்துண்டு கொடுத்து, டயர் ஒரு தாள் கனத்துக்கு அந்தரத்தில் நிற்கும்படி தூக்குங்கள். முட்டுக்கொடுக்க அழிரப்பரை மட்டும் எடுக்காதீர்கள், அதுவும் அநேகமாக பிவிசிதான். மரத்துண்டு பிடிக்கவில்லை என்றால் டயருக்குக் கீழே அலுமினியத் தாளாவது வேண்டும். ஷோகேஸை உள்சுவருக்கு மாற்றுங்கள்.

ஏற்கெனவே ஒட்டியிருந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். டயரை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, ரிம்மிலிருந்து அதை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுங்கள். டயர் போனால் வேறு போடலாம். அச்சு போனால் கார் போச்சு.

தம்பியின் மினியை அன்றைக்கே கழற்றினோம். ஸ்டாண்டில் நான்கு பளபளப்பான தடம் விழுந்திருந்தது. டயர் தப்பித்தது.

பேட்டரி

விளக்கு எரியும் கிட் என்றால், காட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் தகடெல்லாம் அரித்துவிடும்.

பெட்டி

எறியாதீர்கள்.