எடிட்டிங் மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வேலூரில் தை, ஆவணி முகூர்த்த நாள்களில் இரண்டு மண்டபங்களின் ஃபுட்டேஜ் ஒரே இரவில் எடிட்டரின் மேசைக்கு வந்துவிடுவதுண்டு. அந்த வேலை முழுவதும் மடிக்கணினியில்தான் நடக்க வேண்டும் என்றால், எந்த எஸ்எஸ்டி (சுழலும் தட்டின்றிச் சிப்பில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) நல்லது என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், அது எவ்வளவு இடமும் எவ்வளவு வேகமும் கேட்கிறது என்று தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விநாடிக்கு 100 மெகாபிட் (எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 12.5 எம்பி) வீதத்தில் 4கே பதிவு செய்யும் கேமரா ஒரு மணி நேரத்தில் 45 ஜிபி எழுதுகிறது. மூன்று கேமராக்கள் ஆறு மணி நேரம் ஓடினால் 810 ஜிபி. 1 டிபி என்று விற்கப்படும் டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். அதிலேயே இயங்குதளமும் மென்பொருள்களும் இருந்தால் ஒரு திருமணத்துக்கே இடம் நெருக்கடியாகிவிடும். ஆனால் அந்த மூன்று கோப்புகளையும் ஒன்றாக ஓட்ட விநாடிக்கு 40 எம்பிகூடத் தேவையில்லை. டைம்லைன் (எடிட்டிங் திரையில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் பகுதி) திணறினால், பெரும்பாலும் அது ஹெச்.265 முறையில் இறுகச் சுருக்கிய கோப்பை விரித்துக் காட்டத் திணறும் பிராசஸரின் குறையே தவிர டிரைவின் குறையன்று. ஆகவே திருமண வேலைக்கு முதலில் கொள்ளளவு, பிறகுதான் வேகம்.

எஃபெக்ட்ஸ் வேலையில் கணக்கு தலைகீழாகும். எஃபெக்ட்ஸுக்குப் பயன்படும் இஎக்ஸ்ஆர் வகைக் கோப்பில் சுருக்கப்படாத 16 பிட் படச்சட்டம், ஆல்ஃபாவுடன் (ஒளிபுகும் தன்மையைக் குறிக்கும் கூடுதல் அடுக்கு) 3840×2160 அளவில், 66 எம்பி இருக்கும். விநாடிக்கு 25 சட்டங்கள் என்றால் 1.6 ஜிபியைத் தாண்டும். விநாடிக்கு 550 எம்பியில் நின்றுவிடும் சாட்டா (பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டி இதற்கு ஆகாது. 3,500 எம்பி வரை படிக்கும் மூன்றாம் தலைமுறை என்விஎம்இ (வேகமான புதிய இணைப்பு முறை) எஸ்எஸ்டி போதும். 7,000 எம்பி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த எண் உச்சவேகம் மட்டுமே என்பதை இங்கே நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். எஸ்எஸ்டி தன் செல்களில் ஒரு பகுதியை வேகமாக எழுதும் கேச்சாக (தற்காலிகச் சேமிப்பிடமாக) வைத்துக்கொள்கிறது. அது நிரம்பும் வரை எல்லா டிரைவும் பறக்கும், நிரம்பிய பிறகே சுயரூபம் தெரியும். க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும்) வகை டிரைவ் அந்நிலையில் சாட்டா எஸ்எஸ்டியைவிடவும் கீழே, சில நேரம் ஹார்ட் டிஸ்க்கின் வேகத்துக்கே இறங்கிவிடும். எஃபெக்ட்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் டிஸ்க் கேச் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும் என்பதால், டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) வகையையும், இயன்றால் டிராம் (டிரைவுக்கென்றே உள்ள வேக நினைவகச் சிப்) உள்ளதையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியவுடன் 200 ஜிபி கோப்புறை ஒன்றை, அதே அளவு வேகமான வேறொரு டிரைவிலிருந்து நகலெடுத்து, வேகம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பாதி நிரம்பிய டிரைவில் அது இன்னும் சீக்கிரம் விழும்.

அடுத்தது வெயில். மரமில்லா மலை என்று ஊரார் சொல்லும் நம் பாறைக்குன்றுகள் பகல் சூட்டை இரவிலும் கக்குகின்ற கத்திரி நாள்களில், மெல்லிய மடிக்கணினிக்குள் இருக்கும் என்விஎம்இ எளிதில் 70 டிகிரியைத் தாண்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மிகுவேக டிரைவ்கள் கூடுதலாகச் சூடாகும் என்பதால், இங்கே நடுத்தர வேகமுள்ளதே நீண்ட ரெண்டரில் முந்துவதும் உண்டு.

மடிக்கணினியில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்கள் எத்தனை, அவை 2280 (22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்) அளவை ஏற்குமா, இரண்டாவது ஸ்லாட் சாட்டா மட்டும்தானா என்பவற்றைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். இரண்டு ஸ்லாட் இருந்தால் ஒன்றில் இயங்குதளமும் மென்பொருளும், மற்றதில் நடப்பு ப்ராஜெக்டும் கேச்சும் இருக்கட்டும். மேக்புக் என்றால் உள்ளே பிறகு கூட்ட வழியில்லை. வாங்கும்போதே முடிவெடுக்க வேண்டும். வெளி எஸ்எஸ்டிக்கு டைப் சி துளையின் வடிவத்தை நம்பாதீர்கள்: அதே துளை 5 ஜிகாபிட்டாகவும் இருக்கலாம், 40 ஜிகாபிட்டாகவும் இருக்கலாம்.

முடிந்த வேலைகளை எஸ்எஸ்டியில் எழுதி பீரோவில் பூட்டிவிடாதீர்கள். மின்சாரமின்றிக் கிடக்கும் எஸ்எஸ்டி, அதிலும் நிறைய எழுதித் தேய்ந்தது, சூட்டில் தரவை விரைவாக இழக்கக்கூடும். அந்த வேலைக்கு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் இரண்டு வாங்கி, ஒன்றை ஸ்டூடியோவிலும் மற்றதை வீட்டிலும் வையுங்கள்; இரண்டிலும் கோப்புகள் திறப்பதைப் பார்த்த பிறகே கேமரா கார்டுகளை அழியுங்கள்.