தண்ணீர்த் தட்டில் மீன்வாலின் சுழித்தடம்: செய்து பார்க்கும் முறை

கடனீரேரியில் நீர் ஓடும்போது, மீன் பிடிக்க நட்டிருக்கும் சிறகுவலைத் தடிக்குப் பின்னால் சுழிகள் இடமும் வலமுமாக மாறிமாறிக் கழன்று போகும். தடி நீரைத் தடுத்ததால் விழுந்த தடம் அது. வாலடிக்கும் மீனும் இதேபோல் இரண்டு வரிசைச் சுழிகளை விட்டுச் செல்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் தடியின் சுழிக்கு எதிர்த்திசையில் சுழலும். மீனை முன்னே தள்ளும் உதைப்பு பிறப்பது அங்கேதான். வீட்டு விறாந்தையிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம்.

3 அங்குல உயரப் பலகையால் 120 சென்ரிமீற்றர் நீளம், 40 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு சட்டம் அடியுங்கள். உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரித்து 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் விடுங்கள். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு கூடியது, இரவு முழுக்க நின்றால் மேலே மெல்லிய ஏடு படியும். அந்த ஏடு மேற்பரப்பை இறுக்கிவிடும். ஆகவே அன்றன்று அள்ளிய நீரே நல்லது. அதன் மேலும் ஒருமுறை பத்திரிகைத் தாளைப் படியவைத்து இழுத்தெடுத்துவிட்டு, தேயிலை வடியில் சலித்த மரத்தூளைத் தூவுங்கள். முகப்பூசுப் பவுடர் வேண்டாம், அதிலுள்ள வாசனைப் பொருள் தூளை ஒதுக்கித் தள்ளும்.

வாலுக்கு 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருண்டைக் குச்சி ஒன்றும், பழைய கோப்பு மட்டையின் விறைப்பான பிளாஸ்ரிக்கும் போதும். குச்சியை நீளவாட்டில் கீறிப் பிளாஸ்ரிக்கைச் செருகி ஒட்டுங்கள். குச்சியின் நடுவிலிருந்து வால் நுனிவரை 4 சென்ரிமீற்றர் இருக்கட்டும். கீழ்விளிம்பு அடித்தளத்தில் உரசாமல் 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். குச்சியை, தட்டின் குறுக்கே கிடந்து நீளவாட்டில் வழுக்கும் ஒரு பலகையின் துளையில் இறக்கி, தலைப்பில் 10 சென்ரிமீற்றர் கைபிடியைக் குறுக்காகக் கட்டுங்கள். நடுக்கோட்டிலிருந்து கைபிடி நுனி இருபக்கமும் 2.6 சென்ரிமீற்றர் மட்டும் போகும்படி ஆணிகளால் மறியுங்கள். அப்போது வால் இருபுறமும் 15 பாகை திரும்பும், நுனி மொத்தம் 2 சென்ரிமீற்றர் வீசும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஓர் எண்தான், ஸ்ட்ரூகல் எண்: மீடிறனை, அதாவது செக்கனுக்கு எத்தனை முழு அடிப்பு என்பதை, நுனி வீச்சால் பெருக்கி, முன்செல்லும் வேகத்தால் வகுத்தது. ஆனால் மணிக்கூட்டைத் தேடத் தேவையில்லை. வீச்சை, ஒரு முழு அடிப்புக்குள் முன்னேறிய தூரத்தால் வகுத்தாலும் அதே எண் வரும். நீந்தும் மீன்களிலும் பறக்கும் பறவைகளிலும் இது பெரும்பாலும் 0.2க்கும் 0.4க்கும் இடையில் நிற்கிறது. நாங்கள் 0.3 எடுப்போம்: 2ஐ 6.7ஆல் வகுத்தது. பக்கப் பலகையில் 6.7இன் பாதியாக 3.3 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறுங்கள். தொலைபேசியில் தாளம் தட்டும் மெற்றோனோமை நிமிடத்துக்கு 90இல் வைத்து, ஒருவர் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு கோடாகப் பலகையை நகர்த்த, மற்றவர் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு பக்கமாக வாலைத் திருப்பட்டும். வேகம் செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர். அவசரப்பட்டு 23 சென்ரிமீற்றருக்கு மேலே போனால் நீர் மேற்பரப்பில் அலை எழும்பித் தடத்தைக் குலைக்கும்.

மேலிருந்து பாருங்கள். பலகை உங்கள் இடப்பக்கமாக நகரும்போது மேல்வரிசை இடஞ்சுழியாகவும் கீழ்வரிசை வலஞ்சுழியாகவும் உருளும். இரண்டு வரிசைக்கும் நடுவில் தூள் பின்னோக்கிப் பாயும். வால் நீரைப் பின்னே தள்ளுகிறது, நீர் வாலை முன்னே தள்ளுகிறது. இந்தத் தலைகீழ் வரிசையை உதைப்போடு 1935இல் பாய்ம இயக்க அறிஞர்களான கார்மனும் பர்கர்சும் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: தடம் தலைகீழானவுடனேயே வால் தானாக முன்செல்லாது. நீர் அதைப் பின்னே இழுக்கும் இழுவையையும் வெல்ல வேண்டும்.

அடுத்து ஆணிகளை 0.6 சென்ரிமீற்றருக்கு நெருக்குங்கள், தாளம் அப்படியே இருக்கட்டும். நுனி வீச்சு அரைச் சென்ரிமீற்றராகி எண் 0.08க்குக் கீழே இறங்கும், சுழிகளின் திசை புரண்டு நடுத்தூள் வாலின் பின்னாலேயே இழுபடும். வலைத்தடியின் தடம்தான் இது. வீச்சைக் குறைக்காமல், பலகையின் வேகத்தையும் மாற்றாமல், வாலடிப்பை மட்டும் மெதுவாக்கினால் இப்படித் தெளிவாக வராது. ஓர் அடிப்புக்குள் பல சுழிகள் சிதறி விழும்.

தடம் ஒருபக்கம் சரிந்தால் முதலில் ஆணிகள் சமதூரத்தில் இருக்கின்றனவா என்று அளவுங்கள். சமமாக இருந்தும் சரிந்தால் முன்னேற்றம் குறைந்து எண் கூடிவிட்டது. பிளாஸ்ரிக் வளைந்தால் வீச்சு கணக்கில் நிற்காது, தடித்த மட்டைக்கு மாறுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் தூள் முற்றாக அசைவற்று நிற்கும்வரை, குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள். ஆழத்திலும் சுழி இருப்பதைக் காண, வாலின் இருபக்கமும் ரின்பாலை மெல்லிதாகப் பூசி இழுங்கள், கறுப்பு அடித்தளத்தில் வெள்ளை இழைகள் சுருண்டு நிற்கும்.